பேரன் பேத்தி காணாத பச்சோந்திகள்

வியன்னா விமான நிலையத்தின் சுங்கப் பகுதியில் ஒரு பயணியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். தான்சானியாவில் கிளம்பி எத்தியோப்பியா வழியாக வந்து இறங்கியிருந்தார் அவர். பெட்டிக்குள் காலுறைகளும் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களும் இருந்தன. அவற்றுக்குள் உயிருள்ள பச்சோந்திகள். எண்ணி முடித்தபோது 74. பிறந்து ஒரு வாரமே ஆன குஞ்சிலிருந்து முழு வளர்ச்சி அடைந்தவை வரை எல்லா வயதிலும் இருந்தன. கள்ளச்சந்தையில் இவற்றின் மதிப்பு ஏறக்குறைய 37,000 யூரோ என்று 2021 ஜனவரியில் ஆஸ்திரிய அரசு அறிவித்தது. பறிமுதல் செய்த உயிர்களை அதே நகரில் உள்ள ஷோன்புருன் விலங்கியல் பூங்காவிடம் ஒப்படைத்தார்கள். மூன்று பிழைக்கவில்லை.

அவை தான்சானியாவின் வடகிழக்கில் இருக்கும் உசாம்பாரா மலைகளில் பிடிக்கப்பட்டவை. இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று மோதி மேகமாய்த் தங்கும் மலைகள் அவை. உயரமான பகுதிகள் 2,000 மீட்டரைத் தாண்டும். பகலில் இதமான வெயில், இரவில் நடுங்கவைக்கும் குளிர், விடியும்வரை இலைகளில் பனிநீர். சுற்றிலும் வறண்ட சமவெளி இருப்பதால் மலையேறிய உயிரினம் அங்கேயே தங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் தனி இனமாகிவிட்டது. மூக்கின் மேல் இரட்டைக் கொம்பு நீட்டிய பச்சோந்திகள், காய்ந்த இலையைப் போலிருக்கும் விரல் நீளக் குட்டைப் பச்சோந்திகள் என்று உசாம்பாராவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனங்கள் அங்கே உண்டு.

அத்தனை அபூர்வமான உயிரை எதற்காகக் காலுறைக்குள் திணித்துக் கடத்த வேண்டும்? வாங்க ஆள் இருக்கிறது என்பது ஒரு பதில். வாங்குகிற ஊரில் அவை பெருகவில்லை என்பது அதைவிட முக்கியமான பதில். கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளரும் உயிருக்குக் காட்டில் பொறி வைக்க வேண்டியதில்லை.

உலகில் இதுவரை 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. கிட்டத்தட்டப் பாதி மடகாஸ்கரில். இவற்றில் கூண்டில் தங்குதடையின்றிப் பெருகுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓர் அபூர்வ இனம் முதல்முறை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்போது பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, அவற்றுக்கும் குஞ்சு பிறந்து, அவையும் முட்டையிட்டனவா என்ற கேள்விக்குப் பெரும்பாலான இனங்களில் நல்ல பதில் இல்லை. பிடித்து வந்த தாய் இடும் முட்டைகள் பொரிகின்றன. அடுத்த தலைமுறை மெலிகிறது. அதற்கு அடுத்தது வருவதே இல்லை. பச்சோந்தி வளர்ப்பை அளக்க ஒரே அளவுகோல் வைக்கலாம் என்றால், அது பேரன் பேத்திதான்.

ஏமன் தந்த துணிச்சல்

இந்த வளர்ப்புக் கலைக்குத் தைரியம் கொடுத்தது ஏமன் பச்சோந்தி. ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் இனம். தலையில் கொண்டை உயர்ந்திருக்கும். வெயிலையும் தாங்கும், குளிரையும் தாங்கும். பூச்சி கிடைக்காதபோது இலையையும் கடித்துத் தின்னும். ஒரே தடவையில் பல டஜன் முட்டை இடும். இன்று மேலை நாடுகளின் கடைகளில் விற்கும் ஏமன் பச்சோந்திகளில் ஆகப்பெரும்பாலானவை கூண்டிலேயே பிறந்தவை, கூண்டிலேயே பிறந்தவற்றின் வாரிசுகள்.

அடுத்தது மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி. நீலம், சிவப்பு, பச்சை என்று ஊருக்கு ஒரு நிறம் பூண்டு நிற்கும் ஆண்களைப் பார்த்து மயங்காதவர் குறைவு. இதைக் கூண்டில் நிலைநிறுத்தியதில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபெர்குசன் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. கூண்டில் வளர்ந்த பெண்கள் முட்டையிட்டும் குஞ்சு பொரியாமல் போன காலம் அது. உணவையும் விளக்கையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். காரணங்களில் ஒன்று வெளிச்சத்தில் இருந்தது. சூரிய ஒளியில் இருக்கும் யுவிபி கதிர் பட்டால்தான் பச்சோந்தியின் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். அது இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடலில் சேராது. எலும்பு வளையும், தாடை மெத்தென்று ஆகும், முட்டைக்குள் கரு வளராது.

2009-ல் கிறிஸ்டோபர் கார்ஸ்டனும் ஃபெர்குசனும் வேறு இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. உணவில் வைட்டமின் டி குறைவாகக் கிடைத்த பேந்தர் பச்சோந்திகள் யுவிபி அதிகம் விழும் இடத்தைத் தாமே தேடிப் போய் உட்கார்ந்தன. போதுமான அளவு கிடைத்தவை நிழலுக்கு ஒதுங்கின. உடலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அந்த உயிருக்குத் தெரிந்திருக்கிறது! நல்ல வளர்ப்பாளர்கள் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். கூண்டு முழுவதும் ஒரே வெளிச்சம், ஒரே சூடு என்று வைக்கக் கூடாது. வெயிலும் நிழலும், சூடும் குளிர்ச்சியும் ஒரே கூண்டுக்குள் இருக்க வேண்டும். எங்கே உட்காருவது என்பதைப் பச்சோந்தி பார்த்துக்கொள்ளும்.

பேந்தர் பச்சோந்தி வளர்ப்பு கைகூடியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1977-லேயே பச்சோந்திகளில் பல, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டன. அதாவது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் மடகாஸ்கரிலிருந்து ஏராளமானவை கப்பலும் விமானமும் ஏறின. 1990-களின் நடுவில் சைட்டிஸ் நிலைக்குழு குறுக்கிட்டது. பேந்தர் உள்ளிட்ட நான்கு இனங்களைத் தவிர, மடகாஸ்கரின் பெரிய பச்சோந்தி இனங்கள் அனைத்தின் ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது. அதுவரை சந்தையில் மலிவாகக் கிடைத்த பல இனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் கூண்டுகளிலிருந்தே காணாமல் போயின. காட்டிலிருந்து புதிது வந்துகொண்டிருந்தவரை அவை பெருகுவதாகத் தோன்றியது. வரத்து நின்றதும், பெருகவில்லை என்பது தெரிந்தது. இதைவிடத் தெளிவான கணக்கெடுப்பு இருக்க முடியாது.

இரவின் குளிர்

மலைப் பச்சோந்தி வளர்ப்பில் அதிக உயிர் போனது அன்பினால்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வெப்பம் வேண்டும் என்று நினைத்து இரவும் பகலும் விளக்கெரித்தார்கள். உசாம்பாராவிலோ கென்ய மலைகளிலோ, கேமரூனின் எரிமலைச் சரிவுகளிலோ வாழும் பச்சோந்திக்குப் பகலில் ஊட்டியின் வெயில் போதும். இரவில் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்க வேண்டும். இறங்கினால்தான் உடல் ஓய்வெடுக்கும். இறங்காவிட்டால் இரவெல்லாம் உடலின் சக்தி செலவாகிக்கொண்டே இருக்கும். தின்னும், நடமாடும், நிறம் காட்டும், ஆனால் ஆண்டு ஒன்று கழிவதற்குள் தேய்ந்து போகும்.

தண்ணீரும் அப்படித்தான். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீராகவே கண்டுகொள்வதில்லை. இலையிலிருந்து சொட்டும் துளியை நக்கிக் குடிப்பதே அவற்றின் பழக்கம். அதனால் முதலில் சொட்டுநீர்க் குழாய் வந்தது, பிறகு தானாகத் தெளிக்கும் கருவி வந்தது. செக் நாட்டுப் பச்சோந்தி ஆய்வாளர் பெட்ர் நெச்சாஸ் போன்றவர்கள் வேறொன்றை வற்புறுத்தினார்கள். காட்டில் இரவுதான் ஈரம், பகலில் இலை காய்ந்துவிடுகிறது. ஆகவே பகலெல்லாம் கூண்டை நனைத்துக்கொண்டிருக்காமல், இரவு வெப்பம் தணிந்த பிறகு பனிமூட்டக் கருவியை ஓடவிடுங்கள் என்றார்கள். சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் நுரையீரலில் கிருமி தங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் தங்காது. மேலை நாட்டு வளர்ப்பாளர்கள் பலர் இன்று பின்பற்றுவது இந்த வழியைத்தான்.

இரையைச் சொல்லாமல் விட முடியாது. கடையில் வாங்கும் சுவர்க்கோழிப் பூச்சி, வெறும் ஓடு. அதை அப்படியே போட்டால் பச்சோந்திக்கு ஒன்றும் கிடைக்காது. முதல்நாளே பூச்சிக்குக் கீரையும் காய்கறியும் கொடுத்து வயிற்றை நிரப்பி, கால்சியம் தூளில் புரட்டித் தர வேண்டும். பூச்சியை வளர்க்கத் தெரியாதவரால் பச்சோந்தியை வளர்க்க முடியாது. அதிகம் போட்டாலும் ஆபத்து. வயிறு நிறையத் தின்ற ஏமன் பச்சோந்திப் பெண் 80 முட்டைகூட இடும். அளவாகத் தின்றவள் இருபது முப்பதோடு நிறுத்திக்கொள்வாள். எண்பதைச் சுமந்தவளின் எலும்பிலிருந்த கால்சியம் ஓடுகளுக்குப் போய்விடும். முட்டை இறங்காமல் உள்ளேயே தங்கிச் செத்துப்போவதும் நடக்கும்.

பச்சோந்தி தனிமையை விரும்பும் உயிர். பக்கத்துக் கூண்டில் இன்னொன்று கண்ணில் பட்டாலே சிலவற்றுக்கு இரை இறங்காது. அந்தக் கலக்கத்தை நிறமும் காட்டும். நிறம் மாறுவது இலைகளுக்குள் ஒளிந்துகொள்ள மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, ஆனால் அது தவறு. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மிலின்கோவிச் குழு 2015-ல் பேந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, அதில் குவானைன் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காய் இருப்பதைக் காட்டியது. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கும், நீலமும் பச்சையும் தெரியும். இன்னோர் ஆணைக் கண்டு உணர்ச்சி மூண்டால் படிகங்களின் இடைவெளி கூடும், மஞ்சளும் சிவப்பும் எழும். வளர்ப்பவருக்கு இந்த நிறங்கள்தான் உடல்நிலை அறிக்கை. கருவுற்ற பேந்தர் பெண் கறுத்து, ஆரஞ்சுத் திட்டுகள் காட்டி, அருகில் வரும் ஆணை வாய் பிளந்து விரட்டுவாள். அந்த நிறம் தெரிந்ததும் ஆணை அப்புறப்படுத்தி, ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டியை வைத்துவிட வேண்டும். தோண்ட மண் இல்லாவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டே இறந்துபோவாள்.

முட்டைக்குள் ஒரு பருவகாலம்

உண்மையான சோதனை முட்டை வெளியே வந்த பிறகு தொடங்குகிறது. கோழி முட்டையைப் போல இத்தனை நாள், இத்தனை சூடு என்று கணக்குப் போட முடியாது. ஏமன் பச்சோந்தி முட்டையிடும்போது உள்ளே இருக்கும் கரு மிகத் தொடக்க நிலையில் இருக்கிறது என்பதை அமெரிக்க உயிரியலாளர் ராபின் ஆண்ட்ரூஸ் ஆராய்ந்து காட்டினார். அதன்பின் கரு வளராமல் மாதக்கணக்கில் உறங்கும். பேந்தர் முட்டைக்கும் இத்தகைய உறக்கம் உண்டு. மண்ணில் குளிர்காலம் வந்து போக வேண்டும், பிறகு வெயில் ஏற வேண்டும். அந்த ஏற்றம்தான் கருவை எழுப்பும். இன்குபேட்டரில் ஒரே சூட்டில் வைத்தால், சில முட்டை பொரியும், சில பொரியாது, பொரிந்தவையும் வெவ்வேறு மாதங்களில் வரும். ஈரம் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் தாது நிரப்பிய டப்பாவில் முட்டையை வரிசையாக வைத்து, சில வாரம் குளிர்ச்சியான அறையில், பிறகு இதமான சூட்டில் என்று மடகாஸ்கரின் பருவகாலத்தையே வளர்ப்பவர் நடத்திக்காட்ட வேண்டியிருக்கிறது.

இந்தப் பொறுமையின் உச்சம் பார்சன் பச்சோந்தி. மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காடுகளில் வாழ்வது. எடையில் உலகின் மிகப்பெரிய பச்சோந்தி என்று இதைத்தான் சொல்கிறார்கள். வளர்ந்த ஆண் 65 சென்டிமீட்டரைத் தாண்டும். அசைவதே அபூர்வம். பெண் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். அந்த முட்டை பொரிய ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு ஆகும். பிரிட்டனின் செஸ்டர் விலங்கியல் பூங்கா அண்மையில் அந்நாட்டுப் பூங்காக்களில் முதல்முறையாகப் பார்சன் குஞ்சுகளைப் பொரிக்கவைத்தது. முட்டைகள் 569 நாட்கள் இன்குபேட்டரில் இருந்தன. பத்துக் குஞ்சுகள் கிடைத்தன.

இனி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்சன் குஞ்சு இனப்பெருக்க வயதை எட்டச் சில ஆண்டுகள் வேண்டும். முட்டைக் காலம் ஏறத்தாழ இரண்டாண்டு. ஒரு தலைமுறை திரும்ப ஐந்தாறு ஆண்டுகள். இன்று ஒரு ஜோடியை வாங்கியவர் அவற்றின் பேரன் பேத்தியைக் காண வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் குளிர், ஈரம், வெளிச்சம், பூச்சி எல்லாவற்றையும் காத்து நிற்க வேண்டும். வேலை மாறாமல், வீடு மாறாமல், கோடையில் மின்சாரம் போகாமல், ஆர்வம் குறையாமல். தனி மனிதர் ஒருவரால் செய்யக்கூடியது அல்ல இது. பலர் கூடி, யாரிடம் எந்த விலங்கு இருக்கிறது, அதன் பெற்றோர் யார் என்று ஏடு எழுதி, ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் தொடரும்படி நடத்தினால்தான் முடியும். பூங்காக்கள் வம்சப் பதிவேடு வைப்பதற்குக் காரணம் இதுதான்.

எதிர்முனையில் லபோர்டு பச்சோந்தி. மடகாஸ்கரின் தென்மேற்கு வறள்காட்டில் வாழ்வது. இதன் வாழ்க்கையை 2008-ல் உலகுக்குச் சொன்னவரும் மேலே சொன்ன கார்ஸ்டன்தான். ஆண்டில் எட்டொன்பது மாதம் முட்டைக்குள். நவம்பரில் மழை தொடங்கியதும் எல்லாக் குஞ்சும் ஒன்றாக வெளியே வரும். இரண்டு மாதத்துக்குள் பருவம் எய்தி, இணை சேர்ந்து, முட்டையிட்டு, முட்டையைவிட்டு வந்த நான்கைந்து மாதத்தில் அத்தனையும் இறந்துவிடும். மீதிக் காலம் முழுவதும் அந்த இனம் மண்ணுக்குள் முட்டையாக மட்டுமே இருக்கிறது. இப்படிப்பட்ட உயிரைக் கூண்டில் காப்பது என்றால் ஒரே ஓர் இன்குபேட்டர் பழுதானால்கூட அந்த வம்சம் அன்றோடு முடிந்தது.

ஒரே பெயரில் பல இனம்

உசாம்பாராவிலிருந்து வந்த இரட்டைக் கொம்புப் பச்சோந்திகள் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகளாக ஃபிஷர் பச்சோந்தி என்ற ஒரே பெயரில் விற்றார்கள், வாங்கினார்கள், இணை சேர்த்தார்கள். 2008-ல் ஜான் மாரியோ, நிக்கோலா லுட்ஸ்மான், ஜான் ஸ்டிபாலா மூவரும் மரபணுவையும் கொம்பின் வடிவத்தையும் வைத்து ஆராய்ந்தபோது, அந்த ஒரு பெயருக்குள் பல தனி இனங்கள் இருந்தது வெளிப்பட்டது. உண்மையான ஃபிஷர் பச்சோந்தி உசாம்பாராவில் வாழ்வதே இல்லை. அது தெற்கே வேறு மலைகளுக்கு உரியது. அதற்குள் எத்தனை கூண்டுகளில் வெவ்வேறு இனத்து ஆணும் பெண்ணும் வீணாக ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும்! முட்டை பொரியவில்லை, குஞ்சு நோஞ்சானாக இருக்கிறது என்று கவலைப்பட்டவர்களில் எத்தனை பேர் விளக்கையும் உணவையும் குறை சொல்லியிருப்பார்கள்!

பேந்தரிலும் இந்தச் சிக்கல் உண்டு. அம்பிலோபே, அம்பான்ஜா, நோசி பே, தமதாவ் என்று நிறத்தை வைத்து ஊர்ப்பெயரால் வளர்ப்பவர்கள் பிரித்து அழைப்பார்கள். அது வியாபாரப் பேச்சு என்றே பலர் நினைத்திருந்தார்கள். மிலின்கோவிச் குழு மடகாஸ்கர் ஆய்வாளர்களோடு சேர்ந்து 324 பேந்தர்களிடம் மரபணு மாதிரி எடுத்து 2015-ல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. தமக்குள் கலக்காத, அந்தந்தப் பகுதிக்கே உரிய 11 மரபுவழிகள் இருந்தன. அவற்றைத் தனித்தனி இனமாகக் கருத இடம் உண்டு என்றார்கள். ஊர்ப்பெயரை ஒழுங்காக எழுதிவைத்த வளர்ப்பாளர்களின் நோட்டுப் புத்தகம் அன்று மதிப்புப் பெற்றது. எழுதிவைக்காமல், அழகான நிறத்துக்காக நீலத்தையும் சிவப்பையும் கலந்தவர்களின் விலங்குகள் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இனத்தைக் காக்கும் வேலைக்கு உதவாது.

கடத்தி வந்த 74 பச்சோந்திகளின் இன்னொரு சோகமும் இதில் இருக்கிறது. எந்த மலையின் எந்தச் சரிவில் பிடித்தது என்று கடத்துபவர் எழுதிவைப்பதில்லை. கூண்டில் பெருகினாலும் அந்த வம்சத்துக்கு முகவரி இருக்காது.

தப்பியவை

கூண்டில் பெருகத் திணறும் உயிர், தவறான இடத்தில் திறந்துவிட்டால் காடு முழுவதும் நிறைந்துவிடுவதும் உண்டு. 1972-ல் ஹவாய் தீவுகளின் ஓஆஹுவில் விலங்குக்கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். மூன்று கொம்பு கொண்ட, குட்டி போடும் இனம். பயணத்தில் இளைத்து வந்தவை தேறட்டும் என்று தன் தோட்டத்தில் விட்டார். தேறின. தோட்டத்தோடு நிற்கவில்லை. குளிர்ந்த, ஈரமான ஹவாய் மலைகள் கென்ய மலைக்கு ஈடாக அமைந்துவிட்டன. இன்று பல தீவுகளில் அவை இருக்கின்றன. அவற்றின் வயிற்றை ஆராய்ந்தபோது, உலகில் வேறெங்கும் இல்லாத ஹவாய் நத்தைகள் உள்ளே இருந்தன. தீவு விட்டுத் தீவுக்கு அவற்றைக் கொண்டுபோவது இப்போது அங்கே குற்றம். புளோரிடாவில் ஏமன் பச்சோந்தியும் மடகாஸ்கரின் ஊஸ்தலே பச்சோந்தியும் தோட்டங்களில் பெருகியிருக்கின்றன. பிற்பாடு பிடித்து விற்கலாம் என்று சிலர் வேண்டுமென்றே விட்டதும் பதிவாகியிருக்கிறது.

சரியான இடத்தில் திறந்துவிட்டதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சூரிச் விலங்கியல் பூங்காவில் 2003-ல் மசோவாலா மழைக்காட்டு மண்டபத்தைத் திறந்தார்கள். கண்ணாடிக் கூரை போன்ற மேற்கூரையின் கீழ் ஏறக்குறைய 11,000 சதுர மீட்டர் மடகாஸ்கர் காடு. பேந்தர் பச்சோந்திகள் அங்கே கூண்டில்லாமல் திரிகின்றன, தாமே ஜோடி தேடுகின்றன, மண்ணைத் தோண்டி முட்டையிடுகின்றன. பார்வையாளர்கள் கிளைகளில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மடகாஸ்கரில் இருக்கும் மசோவாலா தேசியப் பூங்காவுக்கு சூரிச் பூங்கா பண உதவியும் செய்கிறது. கூண்டில் வளர்ப்பதற்கும் காட்டைக் காப்பதற்கும் நடுவே இப்படி ஒரு கயிறு இருப்பதுதான் முறை.

அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உசாம்பாராவே சாட்சி. நம் ஊர் நர்சரிகளிலும் தொட்டியில் விற்கும் ஆப்பிரிக்க வயலட் பூச்செடி அந்த மலையைச் சேர்ந்தது. 1890-களில் ஜெர்மானியர் ஒருவர் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான தொட்டிகளில் பூக்கிறது. அதன் காட்டு உறவுகள் சொந்த மலையில் காடு அழிய அழிய அருகி வருகின்றன. ஜன்னலோரத்துத் தொட்டிகளால் அந்த மலைக்கு ஒரு மரம்கூடத் திரும்பி வரவில்லை.

மலாவி நாட்டில் சாப்மன் குட்டைப் பச்சோந்தியின் கதை இன்னும் கூர்மையானது. விரல் நீளம்கூட இல்லாத உயிர். மலாவி மலையில் மட்டுமே வாழ்வது. 1992-ல்தான் கோலின் டில்பரி இதற்குப் பெயர் சூட்டினார். காடு வேகமாக அழிவதைக் கண்டு 1998-ல் 37 பச்சோந்திகளைச் சுமார் 95 கிலோமீட்டர் தள்ளி மிகுண்டி என்ற இடத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 2016-ல் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டல் டோலி குழு தேடிப்போனது. சொந்த மலையின் துண்டு துண்டான காடுகளில் சிலவற்றில் அவை உயிரோடு இருந்தன. மிகுண்டியிலும் இருந்தன. ஆனால் மலாவி மலைக் காடு 1980-களில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்துவிட்டது என்று 2021-ல் வெளியான அவர்களது ஆய்வு சொன்னது. துண்டுகளுக்கு நடுவே சோளக்கொல்லையைக் கடந்து அந்தச் சின்ன உயிரால் போய்வர முடியாது. ஒவ்வொரு துண்டிலும் இருப்பவை தமக்குள்ளேயே கலப்பதால் மரபணு வேறுபாடு குறையும் அபாயம் இருக்கிறது. பேரன் பேத்திக் கேள்வி கூண்டுக்கு மட்டுமல்ல, இந்தக் காட்டுத் துண்டுகளுக்கும் பொருந்துகிறது.

கூண்டிலும் பூங்காவிலும் வாழும் பச்சோந்திகளிடமிருந்து அறிவியல் பெற்றதும் கொஞ்சமல்ல. பிரவுன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஆண்டர்சன் 20 இனங்களின் நாக்கு வேகத்தை அதிவேகக் கேமராவில் பிடித்து 2016-ல் வெளியிட்டார். முதலிடம் பெற்றது உசாம்பாராவின் குட்டைப் பச்சோந்தி ஒன்று. தன் உடல் நீளத்தில் இரண்டரை மடங்கு தூரத்துக்கு நாக்கை வீசியது. அந்த வீச்சின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 264 மடங்கு. உயிருள்ள விலங்கை அருகில் வைத்துப் பழக்காமல் இத்தகைய அளவீடு சாத்தியமில்லை.

நம் ஊர்ப் பச்சோந்தி

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான பச்சோந்தி ஒன்றே ஒன்றுதான். 1768-ல் லாரென்டி இலங்கையின் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார். தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் வாழ்கிறது. கழுத்து சிவக்கும் தோட்டத்து ஓணானைப் பலர் பச்சோந்தி என்று எண்ணுகிறார்கள். அது வேறு குடும்பம். உண்மையான பச்சோந்தியின் இரு கண்களும் தனித்தனியே சுழலும், விரல்கள் இடுக்கி போலக் கிளையைப் பற்றும், வால் சுருளும். இது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் விற்பதும் குற்றம்.

வெளிநாட்டுப் பச்சோந்திக்கும் இப்போது இங்கே கணக்கு உண்டு. 2022-ல் திருத்திய சட்டமும், 2024-ல் வந்த விதிகளும், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினம் வைத்திருப்பவர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குஞ்சு பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஊர்வன பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி வரும் செய்தி. ஆகவே பேந்தர் பச்சோந்தி இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், இறக்குமதி அனுமதி எங்கே, பெற்றோர் யாரிடம் இருக்கிறார்கள், பதிவு எண் என்ன என்று மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் காகிதம் இல்லாதது கடத்தல் சரக்கு என்று கொள்வதே பாதுகாப்பு. அதை வாங்கினால் அடுத்த பெட்டிக்கு முன்பணம் கொடுத்ததாகிவிடும்.

சாலையில் நம் ஊர்ப் பச்சோந்தியைக் காணும் வாய்ப்பு இதைவிட அதிகம். மழைக்காலத்தில் முட்டையிட மண் தேடியும் துணை தேடியும் இறங்கி வரும். ஒரு காலை வைக்க யோசித்து யோசித்து நடப்பதால் வண்டிச் சக்கரத்தில் சிக்கும். விஷம் என்று பயந்து அடித்துக் கொல்பவர்களும் உண்டு. அதற்கு விஷம் கிடையாது. வண்டியை ஓரம் நிறுத்தி, ஒரு குச்சியை முன்னால் நீட்டினால் அதுவாகவே பற்றி ஏறும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விட்டுவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.